ஒரு சைஸ் பெருசு

எங்க வீட்டுல எதை வாங்குனாலும் ஒரு சைஸ் பெருசாத்தான் வாங்குவோம். வாங்குவோம்னா என்ன, எங்க வீட்டுக்காரர் வாங்குவார், நாங்க மாட்டிக்கிடுவோம். மகளுக்கு ஆறாம் வகுப்புல எடுத்த யூனிஃபார்ம் பாவாடை எட்டாம் வகுப்புலதான் ஊக்கு இல்லாம இடுப்புல நின்னுச்சு. எனக்கு அவர் எடுத்துட்டு வந்த செருப்பைப் போட்டு நடந்தா, செருப்பு ஒரு எட்டு முன்னாலயும் நான் ஒரு எட்டு பின்னாலயும் போவோம். கேட்டா, பட்டாளத்துல சேந்த புதுசுல சின்ன பூட்ஸைக் குடுத்துக் காலெல்லாம் கொப்புளமாயிருச்சாம், இனிமே எதையும் சின்னதா வாங்குறதில்லைன்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டாராம். அவர் கால் கொப்புளத்துக்கு நாங்க ஊக்கு குத்திக்கிட்டு அலைஞ்சோம்.

அந்தப் பழக்கம் கார் டயர் வரைக்கும் வரும்னு நான் நினைக்கல.

நான் கார் ஓட்டப் பழகுனதே நாப்பதைத் தாண்டித்தான். வீடு ராஜபாளையம், வேலை கூமாப்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல. பஸ்ஸுல போனா ஸ்ரீவில்லிபுத்தூர்ல எறங்கி, வத்திராயிருப்பு வண்டியைப் பிடிச்சு, அங்க எறங்கி இன்னொண்ணுக்குக் காத்துக் கெடக்கணும். ஒரு கையில சோத்துப்பை, இன்னொரு கையில பரீட்சைப் பேப்பர், கம்பியைப் பிடிக்கக் கை கிடையாது. போதும்டா சாமின்னு டிரைவிங் ஸ்கூல்ல போய்ச் சேந்தேன். பட்டாளத்துல லடாக் வரைக்கும் லாரி ஓட்டுன மனுசன் வீட்டுலயே இருக்க, எதுக்கு டிரைவிங் ஸ்கூலுன்னு ஊரே கேட்டுச்சு. கட்டுன புருசன்கிட்ட கார் பழகுனவளா இருந்தா அப்படிக் கேக்க மாட்டா.

பழகுன பொறவு அந்த ரோடு எனக்கே எனக்குன்னு ஆயிருச்சு. ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டிட்டா மலை இடது பக்கமாக் கூடவே வரும். கிருஷ்ணன்கோவில்ல திரும்புனா நேர் எதிர வந்து நிக்கும். வீட்டுல "சட்டை எங்க", பள்ளிக்கூடத்துல "டீச்சர், இவன் கிள்ளுதான்". ரெண்டுக்கும் நடுவுல ஒரு மனுசரும் என்னை ஒண்ணும் கேக்காத நேரம் அந்தக் காருக்குள்ள மட்டுந்தான். கண்ணாடியை ஏத்திவிட்டு நான் பாட்டுக்குப் பாடிக்கிட்டே போவேன். என் பாட்டைக் கேட்டுட்டு யாரும் கார்ல இருந்து குதிக்கப் போறதில்லை.

போன ஆவணியில ஒரு சாயங்காலம், பள்ளிக்கூடம் விட்டு வரும்போது திடீர்னு மழை. வயலுக்குள்ள இருந்து ஏறுன டிராக்டர் ஏதோ ரோடெல்லாம் சேத்தை இழுத்து விட்டுட்டுப் போயிருந்துச்சு. வளைவு திரும்புறேன், ரோடு முழுக்க வாத்துக் கூட்டம். பிரேக்கை மிதிச்சேன். வாத்தெல்லாம் நின்னுருச்சு, கார் நிக்கல. அப்படியே பக்கவாட்டுல வழுக்கிக்கிட்டுப் போய், ஒரு தென்னந்தோப்பு வரப்புல மோதாத குறையா நின்னுச்சு. எனக்குச் சின்னக் கீறல் கூட இல்லை. வாத்து மேய்க்கிற ஆளு வந்து எட்டிப் பாத்துட்டு, டயர் மொட்டையா இருக்கு தாயின்னு சொன்னாரு. அவரு சொன்னது சரிதான், பட்டன் எல்லாம் தேஞ்சு டயர் வழவழன்னு இருந்துச்சு. வீட்டுக்காரருக்குப் போன் பண்ணுனேன். அவர் ஒரு ஆட்டோவைப் பிடிச்சு வந்து சேந்து, காரை ஓட்டிக்கிட்டு வந்தாரு. வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசல. அவர் பேசாம வந்தது அன்னைக்குத்தான்.

அதுக்கடுத்த ஞாயித்துக்கிழமை, பயம் போகணும்ல, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓட்டிப் பாப்போம்னு எடுத்தேன். அவரும் ஏறிக்கிட்டாரு. ஒரு ஆடு தெரிஞ்சா அவரு கால் தரையில அமுங்குது. ஒரு சைக்கிள் தெரிஞ்சா அமுங்குது. அங்க பிரேக்கும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது, வெறும் மிதியடி. ஆனா அவர் ஒவ்வொரு தடவை அமுக்கும்போதும் என் வயித்துல போய் அமுங்குச்சு. இவருக்கே என் மேல நம்பிக்கை இல்லைன்னா எனக்கு எங்க இருந்து வரும். ஓரமா நிப்பாட்டிச் சாவியை அவர் கையில குடுத்துட்டேன். திங்கக்கிழமையில இருந்து மறுபடியும் பஸ், சோத்துப்பை, பரீட்சைப் பேப்பர். சாவி பூஜை ரூம் பக்கத்து ஆணியில தொங்குச்சு. அதைப் பாக்கும்போதெல்லாம் எரிச்சலா வரும். பொறவு அழுகையா வரும். பழகாமலே இருந்திருந்தா ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. ஓட்டித் திரிஞ்சவ மறுபடியும் யாராச்சும் கூட்டிட்டுப் போவாங்களான்னு வாசலைப் பாத்துக்கிட்டு நிக்கிறது இருக்கே, அது எனக்குத் தாங்கல.

இவருக்கு அதெல்லாம் ஒரே வார்த்தையில முடிஞ்சுபோச்சு. டயர். டயரை மாத்துனா எல்லாம் சரியாப் போயிரும், அதுவும் நல்லா அகலமாப் போட்டுட்டா வண்டி ரோட்டைக் கவ்விப் பிடிச்சுக்கிடும், அப்புறம் நீ தெகிரியமா ஓட்டலாம்னாரு. எனக்கு என்ன வேணும்னு ஒரு வார்த்தை கேக்கல. நானும் சொல்லல. சரி, மொட்டை டயரை எப்படியும் மாத்தித்தானே ஆகணும்.

தென்காசி ரோட்டுல ஒரு டயர் கடைக்குப் போனோம். கடைக்காரர் டீ வாங்கிக் குடுத்து உக்காரவச்சு விளக்குனாரு. கம்பெனியில இருந்து வரும்போது இந்தக் காருக்கு நூத்தி அறுபத்தஞ்சு. அதாவது டயரோட அகலம், மில்லிமீட்டர் கணக்கு. ரிம்மை மாத்தாம அதே ரிம்முல கொஞ்சம் அகலம் வேணும்னா நூத்தி எண்பத்தஞ்சு போடலாம், பிரேக்கு நல்லா நிக்கும், பாக்கவும் லட்சணமா இருக்கும். அதுக்கு மேல வேண்டாம், ரிம்மு குறுகல், டயர் பிதுங்கும், ஸ்டியரிங்கை ஒடிச்சுத் திருப்பும்போது உள்ள உரசும்னாரு. மனுசன் தெளிவாத்தான் சொன்னாரு. நான் தலையாட்டுனேன்.

எங்க வீட்டுக்காரர் ஒவ்வொரு டயரா அமுக்கிப் பாத்துக்கிட்டே போய், கடைசியில நூத்தித் தொண்ணூத்தஞ்சு பக்கத்துல நின்னுட்டாரு. இதையே போடுங்கன்னாரு. கடைக்காரர் மறுபடியும் ரிம்மு, உரசலுன்னு ஆரம்பிக்க, இவரு, எப்பவுமே ஒரு சைஸ் பெருசா எடுத்தாத்தான் நாளைக்கு உதவும்னாரு. எனக்கு வாய் சும்மா இருக்கணும்ல, இருக்கல.

"ஏங்க, கார் என்ன வளரவா போகுது?"

கடையில இருந்த அத்தனை பேரும் சிரிச்சுட்டாங்க. டயர் கழட்டிக்கிட்டு இருந்தவரு கடப்பாரையைக் கீழ வச்சுட்டுச் சிரிச்சாரு. இவரு மூஞ்சி செவந்துபோச்சு. அதோட முடிஞ்சுது கதை. அதுவரைக்கும் நூத்தி எண்பத்தஞ்சுக்கு எறங்கி வந்திருந்தாலும் வந்திருப்பாரு, இப்ப அது மானப் பிரச்சினை ஆயிருச்சு. நாலும் நூத்தித் தொண்ணூத்தஞ்சு மாட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்தோம். பாக்க என்னமோ கம்பீரமாத்தான் இருந்துச்சு. கூட்டாஞ்சோத்தை அதக்கிவச்ச கன்னம் மாதிரி உப்பலா இருந்துச்சு.

புது டயருக்கும் பூஜை உண்டு எங்க வீட்டுல. மறுநாள் புரட்டாசி சனிக்கிழமை. சந்தனம், குங்குமம் வச்சு, சூடம் காட்டி, நாலு சக்கரத்துக்கு அடியிலயும் நாலு எலுமிச்சம்பழம் வச்சு, இவரு வண்டியை மெதுவா முன்னால எடுத்தாரு. மூணு பழம் நசுங்குச்சு. முன்பக்கத்து இடது சக்கரத்துப் பழம் மட்டும் நசுங்காம விருட்டுன்னு தெறிச்சு எங்கயோ போயிருச்சு. தேடிப் பாத்தோம், காணோம். எங்க தெருவுல எல்லாருக்கும் ஒரு கருத்து உண்டுல, பழம் நசுங்கலைன்னா திருஷ்டி கழியலைன்னு எதிர்வீட்டு அக்கா சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க.

திருவண்ணாமலைக்குக் கெளம்புனோம். பெரிய திருவண்ணாமலை இல்லை, எங்க ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துல இருக்கிற பெருமாள் மலை. புரட்டாசி சனிக்கிழமைன்னா அங்க தலையா அலையும். இவரு ஓட்ட, நான் பக்கத்துல. தெருமுனையில திரும்பும்போதே சக்கரத்துக்குள்ள "கர்ர்"னு ஒரு சத்தம். இவரு நிப்பாட்டி எறங்கி, வெள்ளை வேட்டியோட குனிஞ்சு, மட்கார்டுக்குள்ள கையை விட்டுத் துழாவுனாரு. பழம் உள்ள மாட்டிக்கிட்டு இருக்கு, அதான் சத்தம்னாரு. எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு. காணாமப் போன பழம் வேற எங்க போயிருக்கும்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ல என் நாத்தனாரையும் அவ வீட்டுக்காரரையும் ஏத்துனோம். இவருக்குத் தங்கச்சி அவ. அவ வீட்டுக்காரரை நான் அண்ணன்னுதான் கூப்பிடுவேன். நல்ல வாட்டசாட்டமான ஆளு, போதாக்குறைக்கு இடுப்புவலின்னு பெல்ட் வேற போட்டிருந்தாரு. பின் சீட்டு நெறஞ்சு வண்டி அமுங்குச்சா, இப்ப ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் "கர்ர்". இவரு பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு மறுபடியும் நிப்பாட்டிக் கையை விட்டுத் துழாவுனாரு. பொறவு அந்த அண்ணனும் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டே எறங்கி டார்ச் அடிச்சுப் பாத்தாரு. பழம் பிடிபடல. கொஞ்சம் போனதும் ரப்பர் வாசனை வந்துச்சு. பழம் சூட்டுல வேகுதுன்னாரு இவரு. எலுமிச்சம்பழம் வெந்தா ஊறுகாய் வாசனைல்ல வரணும், செருப்பு கருகுற வாசனை ஏன் வருதுன்னு எனக்குள்ள ஒரு கேள்வி. நாத்தனார், சாமி காரியத்துக்குப் போறோம், பழம் உள்ள இருந்தா இருந்துட்டுப் போகட்டும்னு கண்ணை மூடிக்கிட்டா.

மலையேறித் தரிசனமெல்லாம் நல்லபடியா ஆச்சு. நான் பெருமாள்கிட்ட வேற ஒண்ணும் கேக்கல, என் சாவியை எனக்குக் குடுன்னுதான் கேட்டேன். படியெறங்கும்போது நல்ல மழை. மண்டபத்துல செத்த நேரம் ஒதுங்கி நின்னுட்டுக் கீழ வந்தா, கார் நிறுத்துன காலி நெலம் சேறும் சகதியுமாக் கெடக்கு. இவரு ஏறி வண்டியை எடுத்தாரு. ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு ஆக்ஸிலேட்டரை அமுக்குனாரு. சக்கரம் நின்ன எடத்துலயே சுத்துச்சு. மறுபடியும் அமுக்குனாரு. வண்டி நகரல, குழிதான் ஆழமாச்சு. சேறு தெறிச்சு அவர் தங்கச்சி சேலையெல்லாம் பொட்டுப் பொட்டா ஆயிருச்சு.

தள்ளத்தான் வேணும். பக்கத்துல நாலஞ்சு பேரு கை குடுக்க வந்தாங்க. ஆனா இவரு எறங்கி நின்னு, இப்படிப் பிடி, அப்படிப் பிடின்னு கமாண்டு குடுக்காம யாரையும் தள்ளவிட மாட்டாரு. அப்ப ஸ்டியரிங்ல யாரு உக்காருறது. அந்த அண்ணனுக்கு ஸ்கூட்டி மட்டுந்தான் தெரியும். நாத்தனாருக்கு அதுவும் தெரியாது. எல்லாரும் ஒண்ணாத் திரும்பி என்னைப் பாத்தாங்க. 

உடனே ஏறல. கீழ கெடந்த தென்னமட்டையை எடுத்துக் குடுத்து, முதல்ல சக்கரத்துல அப்பியிருக்கிற சேத்தை வழிங்கன்னேன். கூமாப்பட்டிக்காரங்க டிராக்டருக்கு அப்படித்தான் வழிப்பாங்க. அவரு வழிக்க வழிக்க நான் குனிஞ்சு பாத்தேன். பழமும் இல்லை, கொட்டையும் இல்லை. டயர் ஒரு பக்கமாத் திரும்பி நிக்குது, அதுக்கும் உள்பக்கத்து பிளாஸ்டிக்குக்கும் நடுவுல என் சுண்டுவிரல் நுழையல. பிளாஸ்டிக் உரசி உரசி வழவழன்னு கறுப்பா மின்னுது. கர்ர்னு கத்துனது டயர்தான். அந்த இடுக்குலதான் சேறும் போய் இறுகிக் கெடக்கு. ஒரு எலுமிச்சம்பழத்து மேல நாங்க அத்தனை பேரும் வழியெல்லாம் பழியைப் போட்டுக்கிட்டு வந்திருக்கோம். எனக்கு வந்த சிரிப்புல பாதிப் பயம் போயிருச்சு.

ஏறி உக்காந்தேன். ஸ்டியரிங்கை நேராக்குனேன். இவரு ஜன்னல் பக்கத்துல வந்து நின்னு, கிளட்சை மெல்ல விடு, ஆக்ஸிலேட்டர் கொடு, கொடுக்காத, பிரேக்கு, பிரேக்குன்னு ஆரம்பிச்சாரு.  பட்டனை அமுக்கிக் கண்ணாடியை ஏத்திட்டேன். அவர் வாய் மட்டும் அசைஞ்சுச்சு. ரெண்டாவது கியரைப் போட்டு, பூ மாதிரி கிளட்சை விட்டேன். பின்னால இருந்து எல்லாரும் தள்ளுனாங்க. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிட்டு எழுந்திரிச்சு நகந்துச்சு. நிப்பாட்டுனா மறுபடியும் முங்கிரும்னு, நிக்காம நேரா தார்ரோட்டுக்கு ஏத்திட்டுத்தான் மூச்சு விட்டேன். கண்ணாடியில பாத்தா, இவரு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ஓடி வந்துக்கிட்டு இருக்காரு. 

வந்தவரு டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தாரு. நான் எறங்கல. சுத்தி வந்து அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்தா, அதுக்குள்ள பின்னாலயே ஓடி வந்த அவர் தங்கச்சி அங்க ஏறி உக்காந்துட்டா. சேத்து வேட்டியோட என் பக்கத்துல உக்காராதேண்ணே, பின்னால போன்னா. அம்புட்டு வருசத்துல முதல் தடவையா அவர் பின் சீட்டுல உக்காந்தாரு. அங்க கால் வைக்கவே எடம் பத்தாது, இதுல பிரேக்கை எங்க அமுக்க. மெதுவா, ஸ்டியரிங்கை ரொம்ப ஒடிக்காம ஓட்டிக்கிட்டு வந்தேன். ஸ்பீடு பிரேக்கர்ல "கர்ர்"னு கேக்கும்போதெல்லாம் பின்னால ஒரு தொண்டைச் செருமல் மட்டும் கேட்டுச்சு.

அவங்க ரெண்டு பேரையும் ஸ்ரீவில்லிபுத்தூர்ல விட்டோம். முன்னால வாங்கன்னேன். இருக்கட்டும்னு அங்கேயே உக்காந்துக்கிட்டாரு. ராஜபாளையம் ரோட்டுல ஏறி வந்துக்கிட்டு இருக்கோம். எனக்குள்ள இருந்ததைக் கேட்டே புட்டேன், என் ஓட்டத்துல நம்பிக்கை இல்லாமத்தான் இம்புட்டுப் பெரிய டயர் போட்டீகளான்னு.  அவரு ஜன்னல் பக்கம் பாத்துக்கிட்டே சொன்னாரு.

"உன் ஓட்டம் நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் பயம். லடாக்குல ஒரு பக்கம் பாதாளம், பயந்தது இல்ல. அன்னைக்கு நீ போன் பண்ணி, வண்டி வழுக்கிருச்சுன்னு சொன்ன பாரு, எனக்குக் கை காலெல்லாம் வெடவெடன்னு வந்துருச்சு. அதான் கடையில எது பெருசோ அதைத் தூக்கிப் போட்டேன்."

 இத்தனை நாளா அந்தக் கால் என்னை நம்பாம அமுக்குதுன்னுல்ல நான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்.  வீட்டுக்குப் போகாம வண்டியை நேரா டயர் கடைக்கு விட்டேன்.

கடைக்காரர் சேத்தைப் பாத்தாரு, இவர் வேட்டியைப் பாத்தாரு, சிரிப்பை அடக்கிக்கிட்டாரு. நான் எறங்கி, நூத்தி எண்பத்தஞ்சு போடுங்கண்ணேன்னு சொன்னேன். இவரு பின்னால நின்னு தலையாட்டுனாரு. மாட்டி முடிச்சதும் நானே ஏறி, ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் முழுசா ஒடிச்சு, அந்தப் பக்கம் முழுசா ஒடிச்சுப் பாத்தேன். சத்தம் இல்லை. பூஜைக்குப் பழம் வாங்கணுமான்னு இவரு மெல்லக் கேட்டாரு. சும்மா வாங்கன்னேன்.

திங்கக்கிழமை காலையில ஆணியில இருந்து சாவியை எடுத்தேன். சோத்துப்பையைப் பக்கத்துச் சீட்டுல வச்சேன், பரீட்சைப் பேப்பரைப் பின்னால போட்டேன். காணாமப் போன எலுமிச்சம்பழம் வாசல் கேட்டு ஓரத்துல, செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னால, வாடி வதங்கிக் கெடந்துச்சு. எடுத்து அவர் கையில குடுத்தேன். போய்ச் சேந்ததும் ஒரு மிஸ்டு கால் குடுன்னாரு. வாரேன்னு சொல்லிக் கண்ணாடியை ஏத்திட்டு, ரிவர்ஸ் எடுத்து, தெருவுல மெதுவாத் திருப்புனேன். எதிர்வீட்டு ஆடு ஒண்ணு குறுக்க வந்துச்சு. நான் பிரேக்கை மிதிக்கும்போது நிமிந்து பாத்தேன். வாசல்ல எலுமிச்சம்பழத்தைக் கையில வச்சுக்கிட்டு நின்ன மனுசன், வலது காலைத் தரையில போட்டு அமுக்கு அமுக்குன்னு அமுக்கிக்கிட்டு இருந்தாரு.